பத்து நாள் அணி
(சென்னையின் ஐவர் கால்பந்து அணி தோன்றி மறைந்த வரலாறு)

முன்னுரை

விளையாட்டு உலகில் ஓர் அணி தோன்றும்போது நாளிதழ்கள் அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. அதே அணி மறையும்போது ஒரு வரிச் செய்தியும் வருவதில்லை. சென்னை மாநகரின் பெயரைத் தாங்கி, உலகப் புகழ் பெற்ற ஒரு பிரேசில் வீரரைத் தலைவராகக் கொண்டு, 2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓர் அணி களம் இறங்கியது. அடுத்த ஆண்டு பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் ஒருமுறை ஆடியது. அதன் பின்னர் அது ஆடவே இல்லை. அந்த அணி ஆடிய ஆட்டம் ஃபுட்சால் என்று வழங்கப்படும் உள்ளரங்கக் கால்பந்து ஆகும்.

இந்த அணியைப் பற்றி நம் கல்லூரி ஆண்டு மலரில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். உடையார்பாளையம், செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் நம்மில் எத்தனையோ பேருக்கு விளையாட்டையே வாழ்க்கையாக்கிக் கொள்ளும் ஆசை உண்டு. அந்த ஆசை கொண்டவன் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எந்தக் கதவு பத்து நாளில் சாத்தப்பட்டுவிடும் என்பதை அறிந்திருப்பது நல்லது. அதற்கு இந்த அணியின் கதை ஒரு பாடமாக அமையும். முதலில் ஆட்டத்தைப் பற்றியும், பின்னர் அணியைப் பற்றியும், இறுதியாக அது நிலைக்காமல் போன காரணங்களைப் பற்றியும் காண்போம்.

ஆட்டம் பிறந்த கதை

தென் அமெரிக்காவில் உருகுவே என்றொரு சிறிய நாடு உண்டு. 1930-ஆம் ஆண்டு முதல் உலகக் கால்பந்துக் கோப்பை அங்கேதான் நடைபெற்றது. அந்நாடே கோப்பையையும் வென்றது. நாடெங்கும் கால்பந்துப் பித்து ஏறியிருந்த அக்காலத்தில், தலைநகர் மான்டிவிடியோவில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர் ஹுவான் கார்லோஸ் செரியானி. பெரிய திடல் கிடைக்காத இடத்தில், மழையானாலும் வெயிலானாலும், இளைஞர்கள் கூரைக்குக் கீழே ஆடத் தக்க ஒரு கால்பந்தை அவர் வகுத்தார். பக்கத்துக்கு ஐந்து பேர் என்னும் எண்ணிக்கையும், நாற்பது நிமிட நேரமும் கூடைப்பந்திலிருந்து வந்தவை. சிறிய கோல் கம்பம் ஹேண்ட்பால் ஆட்டத்திலிருந்து வந்தது. கூடத்தில் ஆடும் கால்பந்து என்று பொருள்படும் போர்த்துகீசிய, ஸ்பானியத் தொடர்கள் சுருங்கியே ஃபுட்சால் என்னும் பெயர் ஆயிற்று.

பின்னர் இவ்வாட்டம் பிரேசிலில் வேரூன்றியது. ரொனால்டினோ, நெய்மார் முதலிய பிரேசில் வீரர்கள் சிறு வயதில் இந்தக் கூடத்து ஆட்டத்தில் பழகியவர்களே. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா 1989-இல் நெதர்லாந்து நாட்டில் முதல் ஃபுட்சால் உலகக் கோப்பையை நடத்தியது, பிரேசில் வென்றது. 2024-இல் உஸ்பெகிஸ்தானில் நடந்த போட்டியிலும் பிரேசிலே வாகை சூடியது. மகளிருக்கான முதல் ஃபுட்சால் உலகக் கோப்பை 2025-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்றது என்பதை நம் மாணவியரும் கருத்தில் கொள்ளலாம்.

ஆட்டத்தின் விதிகள்

கால்பந்தை அறிந்தவருக்கு ஃபுட்சாலின் விதிகளைப் புரிந்துகொள்வது கடினமன்று. சர்வதேசப் போட்டிகளில் வழக்கமான கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. ஃபுட்சால் களம் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். அதாவது ஒரு கால்பந்துத் திடலின் பரப்பில் ஏறக்குறைய ஒன்பது ஃபுட்சால் களங்களை அமைத்துவிடலாம். இடம் குறைந்தால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுகிறது. பெரிய திடலில் இருபத்திரண்டு பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 325 சதுர மீட்டர் கிடைக்கும். ஃபுட்சாலில் பத்துப் பேருக்குத் தலைக்கு 80 சதுர மீட்டர்தான். பந்து காலுக்கு வந்தவுடன் எதிராளி முன்னே நிற்பான். யோசிக்க நேரம் இல்லை. ஆகவே நீண்ட உதைக்கு இங்கே மதிப்பில்லை. பந்தைக் கட்டுக்குள் வைக்கும் திறமைக்கும், உடனுக்குடன் தோழனிடம் சேர்க்கும் புத்திக்கும்தான் மதிப்பு.

பந்தும் வேறு. சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர். எடை 400 முதல் 440 கிராம். வழக்கமான பந்தைவிடச் சிறியது. ஆனால் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 சென்டிமீட்டர்தான் எழ வேண்டும் என்பது விதி. துள்ளாத பந்தாதலால் அது தரையோடு தரையாகவே ஓடும். கோல் கம்பத்தின் அகலம் 3 மீட்டர். உயரம் 2 மீட்டர்.

நேரம் இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகள். பந்து வெளியே போனால் கடிகாரமும் நிற்கும். எனவே நேரத்தைக் கடத்தி வெற்றியைக் காப்பாற்றும் தந்திரம் இங்கே செல்லாது. மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வெளியே போகலாம். ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆஃப்சைடு என்னும் விதியே இல்லை. பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் எறிவதில்லை. கோட்டில் வைத்துக் காலால் உதைக்க வேண்டும், அதுவும் நான்கு நொடிகளுக்குள். ஓர் அணி ஒரு பாதியில் ஐந்து தவறுகளுக்கு மேல் செய்தால், ஆறாவது தவறிலிருந்து எதிரணிக்குப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து, குறுக்கே அரண் அமைக்காத நேர் உதை கிடைக்கும். முரட்டு ஆட்டத்தை அடக்க இதைவிட நல்ல விதி வேறில்லை எனலாம்.

அமெரிக்காவின் முன்னுதாரணம்

உள்ளரங்கக் கால்பந்தைக் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சியாக்கும் முயற்சி நம் நாட்டில்தான் முதலில் நடந்தது என்று எண்ண வேண்டாம். அமெரிக்கர்கள் இதை முன்பே செய்து பார்த்தனர். அவர்களுடைய ஆட்டம் ஃபுட்சால் அன்று. அதன் ஒன்றுவிட்ட சகோதரம். பனிக்கட்டி ஹாக்கி அரங்கின் மேல் செயற்கைப் புல்லை விரித்து, பக்கத்துக்கு ஆறு பேராக ஆடினர். சுற்றிலும் உள்ள பலகைச் சுவரில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் சேரும்.

1978 டிசம்பரில் ஆறு அணிகளுடன் அங்கே உள்ளரங்கக் கால்பந்துப் பேரணிப் போட்டி தொடங்கியது. அவற்றுள் ஒன்று சின்சினாட்டி கிட்ஸ். அந்நகரத்தின் புகழ் பெற்ற பேஸ்பால் வீரர் பீட் ரோஸ் அதன் உரிமையாளர்களுள் ஒருவர். தொடக்க ஆட்டத்தில் முதல் பந்தை உதைத்தவரும் அவரே. நட்சத்திரத்தின் பெயர் இருந்தும், அந்த அணி ஒரே ஒரு பருவம் மட்டும் ஆடி மறைந்தது. தோற்ற அணிதான் மறைந்தது என்று சொல்வதற்கில்லை. முதல் நான்கு கோப்பைகளையும் தொடர்ந்து வென்ற நியூயார்க் ஏரோஸ் அணியும் 1984-இல் கலைந்தது. 1992-இல் போட்டி அமைப்பே மூடப்பட்டது. நட்சத்திரமும் வெற்றியும் மட்டும் ஓர் அணியைக் காப்பாற்றிவிடா என்பதற்கு இவ்விரு அணிகளும் சான்று. இந்தப் பாடம் எழுதப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துச் சென்னையில் திரை விலகியது.

சென்னை அணி

பிரீமியர் ஃபுட்சால் என்னும் பெயரில் 2016 ஜூலை 15 முதல் 24 வரை இந்தியாவில் ஒரு போட்டி நடைபெற்றது. சென்னை, மும்பை, கொச்சி, கோவா, கொல்கத்தா, பெங்களூரு என ஆறு நகரங்களின் பெயரால் ஆறு அணிகள் அமைக்கப்பட்டன. சென்னை அணிக்குச் சென்னை ஃபைவ்ஸ் என்று பெயர். போர்த்துகல் நாட்டின் கால்பந்து மேதை லூயிஸ் ஃபிகோ போட்டி அமைப்பின் முகமாக விளங்கினார். கிரிக்கெட் வீரர் விராட் கோலி விளம்பரத் தூதர், ஏ.ஆர்.ரகுமான் போட்டிக்கான பாடலுக்கு இசையமைத்தார். சோனி தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது.

ஒவ்வோர் அணிக்கும் ஓர் உலக நட்சத்திரம். மும்பைக்கு வேல்ஸ் நாட்டின் ரையன் கிக்ஸ். பெங்களூருக்கு இங்கிலாந்தின் பால் ஸ்கோல்ஸ். கொச்சிக்கு ஸ்பெயினின் மிஷேல் சல்காடோ. கொல்கத்தாவுக்கு அர்ஜென்டினாவின் ஹெர்னான் கிரெஸ்போ. கோவாவுக்குப் பிரேசிலின் ரொனால்டினோ. இவர்கள் அனைவரும் பெரிய திடலில் பெயர் பெற்றவர்கள். ஃபுட்சாலையே வாழ்வாகக் கொண்ட மேதை சென்னைக்குத்தான் வாய்த்தார். அவரே ஃபல்காவோ.

அலெசாண்ட்ரோ ரோசா வியெய்ரா என்பது ஃபல்காவோவின் இயற்பெயர். 1977-இல் சாவோ பாலோவில் பிறந்தவர். 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியில் ஆடியவர். 2004-இலும் 2008-இலும் உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உலகக் கோப்பைகளில் மட்டும் அவர் அடித்த கோல்கள் 48. சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அதற்கு இரண்டு திங்கள் கழித்துக் கொலம்பியாவில் நடந்த உலகக் கோப்பையில் பிரேசில் ஈரானிடம் தோற்றது. வெற்றி பெற்ற ஈரான் வீரர்கள் தம் கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டு, தோற்ற ஃபல்காவோவைத் தூக்கி வானில் எறிந்து பிடித்து மரியாதை செய்தனர். எதிரிகளும் தலைவணங்கும் அத்தகைய ஒரு கலைஞர் நம் தலைநகரின் பெயர் பொறித்த சட்டை அணிந்து ஆடினார் என்பது நமக்குப் பெருமையே.

போட்டியின் முதல் ஆட்டம் சென்னை ஜவகர்லால் நேரு உள்விளையாட்டரங்கில், சென்னைக்கும் மும்பைக்கும் இடையே நடைபெற்றது. பார்வையாளரைக் கவர்வதற்காக ஆட்டத்தைப் பத்துப் பத்து நிமிடங்களாக நான்கு பகுதிகளாகப் பிரித்திருந்தனர். பின்னர் போட்டி கோவாவுக்கு இடம் மாறியது. இடையில் ரொனால்டினோ வேறு பணியின் காரணமாகப் புறப்பட்டுவிட, அவர் இடத்தில் 2002-இல் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணியின் தலைவர் கஃபு ஆடினார். இறுதி ஆட்டத்தில் மும்பையும் கொச்சியும் மோதின. மும்பை கோப்பையை வென்றது.

2017 செப்டம்பரில் இரண்டாம் பருவம் தொடங்கியது. அணிகளின் பெயர்கள் மாறின. சென்னை ஃபைவ்ஸ் இப்போது சென்னை சிங்கம்ஸ் ஆயிற்று. ஆட்டங்கள் மும்பையிலும் பெங்களூரிலும் துபாயிலும் நடைபெற்றன. சென்னையின் பெயர் தாங்கிய அணி சென்னையில் ஆடாமலேயே அந்தப் பருவம் முடிந்தது. மூன்றாம் பருவம் வரவில்லை. இவ்வளவே சென்னை அணியின் வரலாறு.

நிலைக்காமல் போனது ஏன்?

முதற்காரணம், அணிக்கு ஊர் இல்லாமை. ஒரு தொழில்முறை அணிக்கு வருமானம் வரும் வழிகள் நான்கு: நுழைவுச் சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், உரிமையாளரின் சொந்தப் பணம். இவற்றுள் முதலாவது மட்டுமே இரசிகனை நேரடியாக அணியோடு பிணைப்பது. தன் ஊர் அரங்கில், தன் ஊர் அணி, ஆண்டு தோறும் பலமுறை ஆடும்போதுதான் ஒருவன் அதை நம்முடையது என்கிறான். முதற்பருவத்தில் ஆறு அணிகளும் சென்னையிலும் கோவாவிலும் மட்டுமே ஆடின. கொல்கத்தா அணி கொல்கத்தாவில் ஆடவில்லை. பெங்களூரு அணி பெங்களூரில் ஆடவில்லை. இரண்டாம் பருவத்தில் அந்த நிலை சென்னைக்கு வந்தது. பெயரில் மட்டும் ஊர் இருந்தால் அது ஊர் அணி ஆகாது.

இரண்டாம் காரணம், காலக் குறைவு. முதற்பருவம் பத்தே நாட்கள். ஓர் ஆட்டக்காரனுக்குப் பத்து நாட்கள் தொழில் என்றால், மீதமுள்ள 355 நாட்கள் அவன் என்ன செய்வான்? உலக நட்சத்திரங்களுக்கு அது கவலை இல்லை. அவர்கள் முன்பே சம்பாதித்தவர்கள், வேறு பணிகளும் உடையவர்கள். அணியில் இடம்பெற்ற இந்திய இளைஞனின் நிலை அப்படியன்று. திருவிழாவுக்குப் போட்ட கடை திருவிழா முடிந்ததும் பிரிக்கப்படும். அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவனை நிரந்தர வேலையில் இருப்பவன் என்று எவரும் சொல்லார்.

மூன்றாம் காரணம், அங்கீகாரம் இன்மை. இதுவே மாணவராகிய நாம் மிகவும் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் ஃபுட்சாலை நடத்தும் உரிமை ஃபிஃபாவின் உறுப்பினரான அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு மட்டுமே உண்டு என்பது ஃபிஃபாவின் நிலை. பிரீமியர் ஃபுட்சாலோ அந்தச் சம்மேளனத்தோடு இணையாத வேறொரு ஃபுட்சால் சங்கத்தின் ஆதரவைப் பெற்று நடந்தது. ஆகவே சம்மேளனமும் ஃபிஃபாவும் அதனை அங்கீகரிக்கவில்லை. இதனால் நேர்ந்தது என்ன? அப்போட்டியில் எவ்வளவு நன்றாக ஆடினாலும், அதிலிருந்து மாநில அணிக்கோ நாட்டு அணிக்கோ செல்லும் படி ஏதும் இல்லை. அந்நாளில் நாட்டுக்கென்று ஓர் ஆடவர் ஃபுட்சால் அணியே களம் கண்டிருக்கவில்லை.

கல்லூரியில் சேரவும் அரசுப் பணி பெறவும் விளையாட்டு ஒதுக்கீடு உள்ளது என்பதை நாம் அறிவோம். ஆனால் அதற்கு வேண்டிய சான்றிதழ் அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் போட்டியிலிருந்து வர வேண்டும். தொலைக்காட்சியில் முகம் தெரிந்தது என்பது சான்றிதழ் ஆகாது. கிராமத்து மாணவன் ஒருவன் ஒரு போட்டியில் சேருமுன் பரிசுத் தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், இதை நடத்துபவர் யார், இதன் சான்றிதழ் எங்கே செல்லும் என்று கேட்க வேண்டும். ஐயம் இருப்பின் நம் உடற்கல்வி இயக்குநரை அணுகலாம். அவருக்குத் தெரியாத சங்கமா?

நான்காம் காரணம், வேரின்மை. நட்சத்திரங்களைக் காட்டிப் பணம் திரட்டும் முயற்சி இதற்கு முன்பும் இந்தியாவில் நடந்துள்ளது. 2012-இல் மேற்கு வங்கத்தில் ஒரு கால்பந்துப் போட்டிக்காக ஏலம் நடந்தது. அதில் மிக அதிகமான விலைக்கு, அதாவது 8,40,000 டாலருக்கு ஏலம் போனவர் இதே ஹெர்னான் கிரெஸ்போ. அந்தப் போட்டி ஓர் ஆட்டமும் நடைபெறாமல் கைவிடப்பட்டது. நட்சத்திரத்தை வாங்கிவிடலாம், ஆனால் விளையாட்டை வாங்க முடியாது.

மூன்று உடன்பிறப்புகள்

வேர் என்று நாம் சொல்வது எது என்பதை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். ஒய்.எம்.சி.ஏ. என்னும் தாய்க்குப் பிறந்த ஆட்டங்களுள் மூன்றைப் பார்ப்போம். கூடைப்பந்து 1891-இல் அமெரிக்காவில் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் வகுக்கப்பட்டது. கைப்பந்து என்று நாம் வழங்கும் வாலிபால் 1895-இல் அங்கேயே மார்கன் என்பவரால் வகுக்கப்பட்டது. மூன்றாவது, மேலே கண்ட ஃபுட்சால். மூத்தவை இரண்டும் தமிழகத்தில் வாழ்கின்றன. வாலிபால் வலை கட்டாத ஊரை நம் வட்டாரத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். இளையதாகிய ஃபுட்சால் மட்டும் வந்த சுவடு தெரியாமல் போனது ஏன்?

மூத்தவை இரண்டும் நட்சத்திரங்களின் தோளில் ஏறி இங்கு வரவில்லை. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். நந்தனத்தில் இன்றும் அது இயங்கி வருகிறது. அங்கே பயின்ற ஆசிரியர்கள் தமிழகத்துப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றனர். விசிலும் பந்தும் வலையும் அவர்களோடு சென்றன. ஆசிரியர் மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். மாணவன் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இரண்டு மூங்கில் நட்டு வலை கட்டினான். பள்ளிகளுக்கிடையே போட்டி, கல்லூரிகளுக்கிடையே போட்டி, மாவட்டம், மாநிலம் என்று படிகள் அமைந்தன. ஒரு தலைமுறைக்குப் பின்னர் அது ஊர் விளையாட்டே ஆகிவிட்டது. ஃபுட்சாலுக்கு இந்த ஆசிரியர் இல்லை. இந்தப் படிகள் இல்லை. உச்சிக் கிளையை மட்டும் கொண்டுவந்து நட்டார்கள்.

கபடியையும் இங்கே நினைக்க வேண்டும். 2014-இல் புரோ கபடிப் போட்டி தொடங்கியது. 2017-இல், அதாவது சென்னை சிங்கம்ஸ் கடைசியாக ஆடிய அதே ஆண்டில், தமிழ் தலைவாஸ் அணி அதில் சேர்ந்தது. முதல் மூன்று பருவங்களிலும் அந்த அணி பட்டியலின் அடியிலேயே நின்றது. ஆயினும் கலையவில்லை. கபடிப் போட்டிக்கு முறையான சங்கத்தின் ஒப்புதல் இருந்தது; தொலைக்காட்சி நிறுவனத்தின் முதலீடும் இருந்தது; பருவமும் மாதக் கணக்கில் நீண்டது. இவற்றையெல்லாம்விட, பொங்கல் வந்தால் களம் கீறிக் கபடி ஆடும் ஊர்கள் அதற்குப் பின்னால் இருந்தன. தோற்றாலும் நம் பிள்ளை என்று சொல்ல ஆள் இருந்தது.

நம் உடையார்பாளையம் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியில் உட்காருமுன் பாவு தோய்த்து, இழை பிசகாமல் நீட்டிக் கட்ட வேண்டும் என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவில்லாத தறியில் சரிகை ஊடையை எத்தனை முறை வீசினாலும் சேலை வராது. ஃபல்காவோ ஒப்பற்ற சரிகை. ஆனால் அவருக்குக் கீழே பாவு ஓட்டப்படவில்லை.

அதன் பின்னர்

சென்னை அணி மறைந்ததால் ஃபுட்சால் இந்தியாவில் அழிந்துவிட்டது என்று கருத வேண்டாம். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2021 நவம்பரில் டெல்லியில் கழகங்களுக்கான தேசிய ஃபுட்சால் போட்டியை முதன்முறையாக நடத்தியது, டெல்லி எஃப்.சி. அதில் வென்றது. 2023-இல் இந்திய ஆடவர் அணி முதன்முறையாகச் சர்வதேசக் களம் கண்டு, தஜிகிஸ்தானில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடியது. வெற்றி கிட்டவில்லை. எனினும் இது படியின் அடியிலிருந்து ஏறும் முயற்சி. மெல்ல ஏறினாலும் பாதை இருக்கிறது.

நகரங்களில் இப்போது செயற்கைப் புல் விரித்து, வலை சூழ்ந்து, இரவு விளக்குடன் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிறு திடல்கள் பெருகியுள்ளன. டர்ஃப் என்று அவற்றை இளைஞர்கள் அழைக்கின்றனர். அங்கே பக்கத்துக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று கால்பந்து ஆடுகின்றனர். அது முறையான ஃபுட்சால் அன்று என்றாலும், சிறு களக் கால்பந்தின் சுவையை ஆயிரக்கணக்கானோர் அறியத் தொடங்கியுள்ளனர் என்பது உண்மை. ஆனால் அதற்கு வாடகை உண்டு. வாடகை கொடுக்க இயலாதவனுக்கு யார் இடம் தருவது? பள்ளியும் கல்லூரியும்தான் தர வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

ஃபுட்சாலுக்குக் கோடி ரூபாய் அரங்கம் வேண்டியதில்லை. கூடைப்பந்துத் திடலின் அளவு 28 மீட்டருக்கு 15 மீட்டர். முறையான ஃபுட்சால் களத்தைவிட அது சிறியது. ஆயினும் பயிற்சிக்குப் போதும். அதன் இரு முனைகளிலும் மூன்று மீட்டர் அகலத்தில் கம்பம் நட்டால் களம் தயார். கட்டாந்தரையில் ஆடினாலும் குற்றமில்லை. துள்ளாத பந்து ஒன்று இருந்தால் நலம். பதினொருவர் அணி திரட்ட முடியாத துறைகூட ஐவர் அணியை எளிதில் திரட்டும். மாணவியர்க்கும் இது ஏற்றது. ஐந்து பேர் சேர்ந்தால் ஓர் அணி ஆயிற்று. விளையாட்டு விழாவையொட்டி வகுப்புகளுக்கிடையே ஐவர் கால்பந்துப் போட்டி ஒன்றை நம் உடற்கல்வித் துறை நடத்துமானால், ஒரே மாலையில் நான்கு ஆட்டங்களை முடித்துவிடலாம். விதிகளை மேலே கூறியுள்ளேன். நடுவராக இருக்க நம் மூத்த மாணவர்களே போதும்.

இதனால் உடனே உலக வீரர் ஒருவர் தோன்றிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. வாலிபால் வந்த வழியில் இதுவும் வரலாம் என்றுதான் சொல்கிறேன். இங்கே ஆடிப் பழகியவர்களுள் சிலர் நாளை ஆசிரியராவார்கள். அவர்கள் செல்லும் பள்ளிகளுக்குப் பந்தும் விதியும் அவர்களோடு செல்லும்.

முடிவுரை

சென்னை ஃபைவ்ஸ், சென்னை சிங்கம்ஸ் என்று இரு பெயர்களில் இரண்டு பருவங்கள் வாழ்ந்த அந்த அணியை நாம் ஏளனமாகப் பேச வேண்டியதில்லை. உலகத்தின் தலைசிறந்த ஃபுட்சால் வீரரைத் தமிழகத்து மண்ணில் ஆட வைத்தவர்கள் அதை நடத்தியவர்கள். அந்த ஆட்டத்தைக் கண்டு வியந்த சிறுவர்கள் பலர் இருப்பர். அவர்கள் மறுநாள் எங்கே சென்று ஆடுவது என்பதற்குத்தான் அந்த அணியிடம் விடை இல்லை.

அணி விளையாட்டை உண்டாக்குவதில்லை. விளையாட்டுத்தான் அணியை உண்டாக்குகிறது. ஊர்த் திடலும் ஆசிரியரும் முறையான சங்கமும் முதலில் அமைந்தால், அணி தானே எழும். எழுந்தபின் பத்து நாளில் மறையாது. விளையாட்டில் வாழ்வு தேடும் நம் தோழர்கள் இதனை நினைவிற் கொண்டு, விளம்பர ஒளியைவிடப் பயிற்சித் திடலையே நம்புவார்களாக!